மனத்தைக் கல்லாக்க வேண்டுமா?



‘மனத்தைக் கல்லாக்கிக்கொள்’ என்னும் அறிவுரை நம் இல்லங்களில் மிக எளிதாக வழங்கப்பெறுவது. இழவு வீட்டில் இதைச் சொல்கிறோம். தேர்வில் தோற்ற பிள்ளையிடம் சொல்கிறோம். புக்ககத்தில் கடுஞ்சொல் கேட்டுக் கண்ணீருடன் தாய்வீடு வந்து நிற்கும் மகளிடமும் இதையே சொல்கிறோம். சொல்பவர்க்கு இதனால் செலவொன்றும் இல்லை. கேட்பவர் அதனை எங்ஙனம் நிறைவேற்றுவது என்பதை மட்டும் எவரும் விளக்குவதில்லை. யாமும் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறோம். இப்போது எம் பெயர்த்தி ஒருத்தியின் பொருட்டு அவ்வறிவுரையைச் சற்று எடுத்து ஆராய வேண்டிய நிலை வந்தது. ஆராய்ந்தபோது, இது ஜினதர்மத்திற்கு ஒத்த அறிவுரைதானா என்னும் ஐயமே எமக்கு எழுந்தது.

பெண்ணுக்கு வயது பத்தொன்பது. சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கியிருந்தாள். இரண்டாம் மாத முடிவிலேயே பெட்டியுடன் வீடு வந்து சேர்ந்தாள். அறையில் நால்வர். ஒருத்தி நள்ளிரவு வரை விளக்கெரித்துப் படிப்பாள். மற்றொருத்தி கைப்பேசியில் உரக்கப் பேசுவாள். உணவுக்கூடத்தில் தட்டுகளின் ஓசையும் முந்நூறு பேரின் பேச்சும். இவையேனும் பழகிவிடும் எனலாம். மூன்றாமவளின் தாய்க்குக் கடும்பிணி. அவள் அழும் இரவுகளில் எம் பெயர்த்தியும் உறங்கவில்லை. மறுநாள் வகுப்பில் அமர்ந்தால் பாடம் செவியில் ஏறாது, நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும். வீட்டிற்கு வந்த அன்று, “ஓசை என்னை அடிக்கிறது பாட்டி” என்றாள். அந்தச் சொல்லை யாம் மறக்கவில்லை; பின்னர் அதற்கு வருவோம்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. அவள் தந்தையாகிய எம் மகன், செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்றான். மருமகள் கண்ணேறு கழித்தாள். உறவினர் ஒருவர், அதுதான், மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளச் சொன்னார். வேறொரு பெரியவர் நூற்பயிற்சி உடையவர். அவர், பிறர் துயரை எண்ணி எண்ணி வருந்துவது ஆர்த்தத் தியானம் என்றும், அதனால் வினை கட்டும் என்றும் எடுத்துரைத்தார். அன்று மாலை அவள் எம்மிடம் வந்து கேட்டது இது: “பாட்டி, எனக்கு வலிப்பது பாவமா?”

ஒரு பெண் தன் இயல்பையே பாவம் என்று கருதத் தொடங்கினால் அது சிறு செய்தி அன்று. விடை சொல்லக் காலம் வேண்டும் என்று அவளிடம் கூறினோம். அவள் கேட்டது ஆவணியில். தை பிறந்த பின்னரே எமக்கு ஏதோ ஒரு தெளிவு கிட்டியது.

முதலில் உலகியல் செய்தியைச் சொல்லிவிடுவோம். இத்தகைய இயல்பினர் எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் உண்டு. எலைன் ஆரன் என்னும் அமெரிக்க உளவியலார் இதனை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டு, தம் கணவருடன் சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதினார். மக்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் வரை மிகுந்த நுண்ணுணர்வுடன் பிறக்கின்றனர் என்பது அவர் கணிப்பு. பிறர் கவனியாத மெல்லிய ஓசை, மணம், முகக்குறிப்பு ஆகியவற்றை இவர்கள் கவனிக்கின்றனர். கவனித்ததை மனத்துள் நெடுநேரம் அசைபோடுகின்றனர். ஆதலின் விரைவில் களைத்துப் போகின்றனர். இது நோய் அன்று, பிறவிக் குணம் என்பதை அவர் வற்புறுத்துகிறார். இந்த இயல்பை அறிவதற்கு அவர் வகுத்த வினாக்கள் 27. நாம் காயோத்சர்க்கத்தில் நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை உருவேற்றுங்கால் விடும் மூச்சுகளும் 27. இதில் உட்பொருள் ஏதும் தேட வேண்டா. எண்ணைக் கண்டதும் எமக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவே.

நுண்ணுணர்வு வேறு, மன அழுத்தம் வேறு. அழுத்தம் யாவர்க்கும் வரும். அச்சுறுத்தும் ஒன்றைக் காணின் உடல் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகளை வெளிவிட்டு, ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. புலி வரும்போது அது நன்மை. உணவுக்கூடத்தின் தட்டோசைக்கும் உடல் அங்ஙனமே ஆயத்தமாகின், நாள்தோறும் புலியுடன் வாழ்வது போன்றதாகிவிடும். நுண்ணுணர்வினர்க்கு இக்கதவு சற்று எளிதில் திறந்துகொள்கிறது. வேறுபாடு அதுவே.

வகுப்பறையில் இத்தகைய பிள்ளைகளை யாம் ஆண்டுதோறும் கண்டிருக்கிறோம்; கண்டும் காணாதிருந்தோம் என்பதே உண்மை. ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் என்றொரு பாடம் இருந்தது. அதில் கூச்சமுள்ள குழந்தை, முரட்டுக் குழந்தை, மந்தமான குழந்தை என்று படித்தோம். நுண்ணுணர்வுள்ள குழந்தை என்றொன்றைப் படித்ததாக நினைவில்லை. பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். வேறொரு மாணவனை யாம் பிரம்பால் அடித்தால் அவள் அழுவாள். அடி வாங்கியவன் கையை உதறிவிட்டுச் சிரித்துக்கொண்டு அமர்வான். இவளோ அன்றைய நண்பகல் உணவை உண்ணமாட்டாள். வகுப்பின் முன் நிறுத்தி, ‘தொட்டாற்சிணுங்கி’ என்று பெயரிட்டோம். பிள்ளைகள் அப்பெயரைப் பிடித்துக்கொண்டனர். ஆண்டு முடியும் முன் அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். எம் முறை பயன் தந்ததென்று மகிழ்ந்தோம். அவள் பேசுவதையும் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டாள் என்பது நெடுநாள் கழித்தே எமக்கு உறைத்தது. மற்றொரு பிள்ளையின் வலிக்காக அழுத ஒரே குழந்தை அவ்வகுப்பில் அவள்தான். அவளைத் திருத்துவதாக எண்ணி, பிரம்பேந்திய கையைத் திருத்தாது விட்டோம்.

இனி நம் நூல்கள் கூறுவதைப் பார்ப்போம்.

ஓசை யாது என்பதில் நம் சமயத்திற்கும் பிற தரிசனங்களுக்கும் வேறுபாடு உண்டு. நியாய வைசேஷிகர் ஓசையை ஆகாயத்தின் குணம் என்பர். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஓசையைப் புத்கலத்தின் பரியாயம் என்று வைத்தார். அஃதாவது ஓசையும் பருப்பொருளின் ஒரு நிலையே. பருப்பொருளாயின் அது சென்று மோதும், தடுக்கப்படும், தாக்கும். ‘ஓசை என்னை அடிக்கிறது’ என்று பேதைப் பெண் சொன்னது மிகையுரை அன்று. நம் நூல்வழி நோக்கின் சொல்லுக்குச் சொல் உண்மை. இதை அவளிடம் கூறியபோது அவள் முகம் மலர்ந்தது. தன்னைப் பொய்யுரைப்பவள் என்று எவரும் கருதாத ஓர் இடம் கிடைத்ததென எண்ணினாள் போலும்.

உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுப்பது நம் மரபு. ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை பொறி கூடக் கூட, அறியும் வாயிலும் கூடுகிறது. துன்பம் புகும் வாயிலும் கூடுகிறது. ஐம்பொறிகளுடன் மனமும் பெற்ற பிறவியில்தான் அறக்கேள்வியும் நற்காட்சியும் வாய்க்கின்றன. நுண்ணிதின் உணரும் ஆற்றலைச் சாபம் என்று தள்ளுவோமாயின், ஓரறிவுயிராய்ப் பிறப்பதே மேல் என்றாகிவிடும். அங்ஙனம் கூறுவார் நம்முள் எவரும் இலர்.

போளூரை அடுத்த திருமலைக்குச் சென்றவர்கள் அங்குப் பாறையில் புடைத்து நிற்கும் ஸ்ரீ நேமிநாத சுவாமியைத் தரிசித்திருப்பீர்கள். உயரம் 16 அடி. சிகாமணிநாதர் என்று அழைக்கிறோம். சிறுவயதில் தந்தையாருடன் சென்று அண்ணாந்து பார்த்து அஞ்சியது நினைவிருக்கிறது. இவ்வாண்டு தையில் பெயர்த்தியை அழைத்துச் சென்றோம். கீழே நின்று அவர் வரலாற்றை அவளுக்குச் சொன்னோம். சொல்லும்போதுதான், ஐம்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த அக்கதையை யாமே சரியாகக் கேட்டதில்லை என்று புலனாயிற்று.

யாதவர் குலத்து இளவரசர், கண்ணனுக்கு உறவினர். உக்கிரசேனன் மகள் ராஜீமதியை மணக்கத் தேரேறிச் செல்கிறார். வழியில் ஒரு பட்டியில் விலங்குகள் அடைபட்டு அலறுகின்றன. மண விருந்துக்கென அடைக்கப்பட்டவை எனத் தேர்ப்பாகன் வாயிலாக அறிகிறார். தேரைத் திருப்புகிறார். மணம் நின்றது; ஊர்ஜயந்தம் என்னும் கிர்நார் மலையில் தவம் மேற்கொண்டார். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரர் ஆனார்.

எத்தனை பேர் அன்று அவ்வழியே சென்றிருப்பர்! சுற்றத்தார், படைவீரர், இசைவாணர், பணியாளர் என எல்லார்க்கும் செவி இருந்தது. அலறல் எல்லார் செவியிலும் விழுந்தது. மங்கல வாத்தியத்தின் இடையே அதனைக் கேட்டவர் ஒருவரே. உடன் சென்றோருள் எவரேனும், ‘திருமண நாளில் இதற்கெல்லாம் மனம் இளகலாமா, மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருப்பாரோ? சொல்லியிருப்பர், மாந்தர் இயல்பு அதுதான். அவர் கேட்டிருந்தால் நமக்குத் தீர்த்தங்கரர் இருபத்துமூவரே.

அனுகம்பை, அஃதாவது பிற உயிரின் நடுக்கத்தில் தானும் நடுங்குதல், நற்காட்சியின் அடையாளங்கள் நான்கனுள் ஒன்று. பிரசமம், சம்வேகம், அனுகம்பை, ஆஸ்திக்கியம் என்று அவற்றை எண்ணுவர். உள்ளம் நடுங்காதவனிடம் நற்காட்சி உண்டென்று கொள்ள நம் ஆசாரியர்கள் ஒப்பவில்லை. ஆகவே பெயர்த்தியின் கேள்விக்கு முதல் விடை எளிது. வலிப்பது பாவம் அன்று.

ஆயினும் அந்த நூற்பயிற்சியுடைய பெரியவர் கூறியதும் பொய்யன்று. அதனால்தான் எமக்கு ஆறு திங்கள் பிடித்தது. ஆர்த்தத் தியானம் நால்வகை. வெறுப்பானது வந்து கூடியபோது அது எப்போது ஒழியும் என்று இடைவிடாது எண்ணுவது ஒன்று. விரும்பியது பிரிந்தபோது அதனையே எண்ணுவது ஒன்று. நோவில் நோவையே எண்ணுவது ஒன்று. வருங்கால இன்பத்திற்கு ஏங்குவது ஒன்று. முதலாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். இந்த அரவம் எப்போது ஓயும், இந்த விளக்கு எப்போது அணையும், ஐயோ என் தலை, ஐயோ என் நெஞ்சு என்று நுண்ணுணர்வினர் மனம் சுழலும் சுழற்சி அப்படியே அங்கு எழுதியிருக்கிறது. அனுகம்பையில் நோக்கம் பிற உயிரின்மேல் இருக்கிறது. ஆர்த்தத்தில் நோக்கம் தன்மேல் திரும்பிவிடுகிறது. தொடக்கம் இரண்டிற்கும் ஒன்றே; எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றாகிறது என்பதுதான் காண்பதற்கு அரிது.

அந்த இடத்தை யாம் ஒருமுறை கடந்திருக்கிறோம். எழுதத் தயக்கமாக இருக்கிறது; எழுதாவிடின் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

எம் தமக்கையார் எம்மினும் பதினொரு ஆண்டு மூத்தவர். எம்மை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவருடைய இறுதி நாட்களில் பிணியின் வேதனை மிகுதி. யாம் அருகில் சென்று அமர்வோம். அவர் முனகல் கேட்கும். புண்ணின் வாடை வரும். எமக்குத் தலை சுற்றும். கூடத்திற்கு வந்து தூணைப் பற்றிக்கொண்டு அழுவோம். வந்தவர்கள் எம்மைச் சூழ்ந்துகொண்டு தண்ணீர் கொடுப்பர், விசிறுவர், ‘இவருக்கு எவ்வளவு இளகிய மனம்’ என்பர். அப்போது அறையில் அக்காளுடன் இருந்தவள், ஊரார் முரட்டுப் பெண் என்று பெயர் வைத்திருந்த அவருடைய இளைய மருமகள். அவள் கண்ணில் ஒரு துளி நீர் இல்லை. பஞ்சை நனைத்துப் புண்ணைத் துடைத்தாள். புரட்டிப் படுக்க வைத்தாள். நமஸ்கார மந்திரத்தை அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். அக்காள் எம் பெயரைச் சொல்லி இருமுறை அழைத்தாராம். யாம் கூடத்தில் இருந்தோம்.

அன்று எமக்கு வந்த அழுகை பொய்யன்று. ஆனால் அது அக்காளுக்கு என்ன செய்தது? அவருக்குரிய பணியாளர் இருவரை எமக்கு விசிற வைத்தது. எம் இளகிய மனம் அவரைத் தனியே விட்டு வந்தது. அவர் வலியினின்றும் எம் வலிக்கு எம் நோக்கம் எப்போது திரும்பியது என்று இன்றும் யோசிக்கிறோம். அறைக்கும் கூடத்திற்கும் இடையில் இருந்த அந்த நிலைப்படியாக இருக்கலாம்.

சீவகசிந்தாமணியை நம் வீடுகளில் கதையாகவேனும் அறியாதார் இலர். குணமாலையார் இலம்பகத்தில், அந்தணர் அடித்துப் போட்ட ஒரு நாய் குற்றுயிராய்க் கிடக்கிறது. சீவகன் அதனைக் காண்கிறான். காப்பாற்றும் நிலை கடந்துவிட்டது. அவன் அழுது கொண்டு அகலவில்லை. அருகிருந்து ஐம்பத மந்திரத்தைச் செவியில் ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. இப்பகுதியைக் கதையாக வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மந்திரத்தின் மாண்பையே எடுத்துரைப்போம். குருதி வடியும் நாயின் அருகில் ஓர் இளவரசன் அமர்ந்தான் என்பதை ஒருமுறையும் எடுத்துரைத்ததில்லை. அக்காளின் மருமகள் சிந்தாமணி படித்தவள் அல்லள்.

அருங்கலச்செப்பு படித்தோர்க்கு உத்தாயணன் கதையும் தெரிந்திருக்கும். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் அருவருப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக நிற்பவன். நோயுற்ற முனிவராய் உருமாறி வந்த தேவன் உணவை உண்டு அவ்வரசன் மேலேயே கக்கினான். அரசனோ தன் உணவால் முனிவர்க்கு என்ன தீங்கு நேர்ந்ததோ என்று வருந்தித் துடைத்துப் பணி செய்தான். அவனுக்கு மூக்கு இல்லாமலா இருந்தது? வாடை அவனுக்கும் வீசியிருக்கும். வாடையைவிட முனிவர் பெரிதாகத் தோன்றினார்.

நம் முனிவர்கள் கையில் ஏந்தும் மயிற்பீலியை நினைத்துப் பாருங்கள். புழுதி பற்றாது, வியர்வை ஏற்காது, மெல்லியது, குழைவது, எடையற்றது என்று அதற்கு ஐந்து குணம் கூறுவர். எறும்பைத் தொட்டாலும் நோகாது. அத்துணை மென்மையான பொருளை ஏந்திய அதே கை, தலைமயிரைப் பற்றிப் பறித்தெறியும் கை. மென்மை பிறர்க்கு, திண்மை தனக்கு. யாம் அன்று கூடத்துத் தூணருகில் மயிற்பீலியை எமக்கே வீசிக்கொண்டிருந்தோம். மனம் கல்லாக வேண்டும் என்று அறிவுரை கூறுவோர் இதனைத் தலைகீழாகச் செய்யச் சொல்கின்றனர். அவர்கள் சொற்படி நடந்தால் பிறர்பால் மரத்துப்போவோம். தன்பால் மரத்துப்போவது ஒருபோதும் நிகழாது.

அப்படியானால் திண்மையை எங்ஙனம் பெறுவது? பரீஷஹங்கள் இருபத்திரண்டையும் பொறுத்துக்கொள் என்று பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் கூறலாமோ? கூடாது. அவை துறவு பூண்டோர் நெறியினின்றும் வழுவாமைக்கும் வினை உதிர்தற்கும் தாமே மனமுவந்து ஏற்பவை. அவர்களும் படிப்படியாகவே பயில்கின்றனர். தீர்த்தங்கர நாமகருமத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளில் ஈகையையும் தவத்தையும் கூறும்போது ‘தன் ஆற்றலுக்கேற்ப’ என்னும் சொல்லைச் சேர்த்தே வைத்தார்கள். அண்டை வீட்டான் ஆற்றலுக்கேற்ப என்று வைக்கவில்லை. ஒருவர்க்கு எட்டு நாள் நோன்பு இயலும். மற்றொருவர்க்கு ஒருவேளை உணவே தவம். செவியின் ஆற்றலும் அத்தகையதே. திருமணக் கூடத்தில் ஒலிபெருக்கியின் முன் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பது எம் பெயர்த்திக்கு அரைநாள் நோன்புக்கு நிகர். அவள் வாழ்த்திவிட்டு, பொழுது சாயுமுன் உண்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றால் அதனைச் செருக்கு என்று பேச வேண்டா. (நம் திருமணங்களிலும் இந்தப் பேரிரைச்சல் எதற்கு என்று தனியே ஒருநாள் எழுத வேண்டும். நேமிநாத சுவாமியின் பெயர் சொல்லும் சமுதாயத்தின் மணக்கூடத்தில் எந்த உயிரின் அலறலும் எவர்க்கும் கேட்காத அளவுக்கு முழக்கம்!)

இல்லறத்தார்க்கு வகுத்த விரதங்களைக் கூர்ந்து நோக்கினால், மிகையான உணர்ச்சித் தாக்குதலினின்று காக்கும் வேலிகளாகவும் அவை அமைந்திருப்பது தெரியும். சமந்தபத்திர ஆசாரியர் அநர்த்த தண்டத்தை ஐந்தாகப் பகுத்தார். பாவ உபதேசம், கொலைக்கருவி ஈதல், தீய எண்ணத்தில் ஆழ்தல், தீயவை கேட்டல், கருத்தின்றி நடத்தல் என்பன அவை. நான்காவதற்குத் துச்ருதி என்று பெயர். எப்பயனும் இன்றி மனத்தைக் கலக்குவனவற்றைச் செவிமடுத்தல். அக்காலத்தில் அது தீய கதைகளைக் குறித்தது. இன்று கைப்பேசித் திரையில் விரலை மேலே தள்ளுந்தோறும், எங்கோ நடந்த கொலையும் எங்கோ கவிழ்ந்த பேருந்தும் எங்கோ துடித்த நாயும் வந்து விழுகின்றன. எம் பெயர்த்தி இரவில் உறக்கம் வாராது அவற்றையே பார்த்திருக்கிறாள். பாராதிருந்தால் இரக்கமற்றவள் ஆகிவிடுவேனோ என்று அஞ்சினாளாம்! சூரியன் மறைந்தபின் கைப்பேசியில் செய்தி பார்ப்பதில்லை என்று ஒரு நியமம் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். இரவு உண்ணாமை பூச்சி புழுக்களின் உயிர்காக்க ஏற்பட்ட அறம். அதன் துணைப்பயனாய் நம் வீடுகளில் மாலைக்குப்பின் அடுக்களை ஓய்ந்து அமைதி நிலவும். வாய்க்கு இருக்கும் அந்த நியமம் கண்ணுக்கும் இருக்கட்டுமே.

தேசாவகாசிகம் என்பது இன்று இந்த எல்லைக்கு அப்பால் போவதில்லை என்று நாளுக்கு நாள் வரையறுத்துக்கொள்வது. நுண்ணுணர்வினர்க்கு இது பெருந்துணை. எல்லாரையும் இன்றே தேற்ற வேண்டுவதில்லை. இன்று இவர் ஒருவர்.

சாமாயிகம் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு முகூர்த்தம், இரண்டு நாழிகை, கடிகாரக் கணக்கில் 48 நிமிடம். ஆனால் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். மனம் கலங்கியபோது மட்டும் சாமாயிகத்தில் அமர்ந்தால், வெள்ளம் வந்தபின் கரை போடுவது போலாகும். கலங்காத நாட்களிலும் அமர்ந்து பழகியவர்க்கே கலங்கிய நாளில் அது கைகொடுக்கும். அவ்வளவு நேரம் இயலாதபோது காயோத்சர்க்கம் போதும். கைகளைத் தொங்கவிட்டு நேரே நின்று, ஒரு மந்திரத்திற்கு மூன்று மூச்சாக ஒன்பது முறை. மூச்சு நீளும்போது நெஞ்சின் துடிப்பு தணிகிறது என்பதை இன்று மருத்துவரும் ஒப்புகின்றனர். இத்தனைக்குப் பின்னும் உறக்கமும் பசியும் பல வாரம் இன்றிப் போனால் மருத்துவரிடம் செல்வதில் இழிவொன்றும் இல்லை. காய்ச்சலுக்குச் செல்கிறோம் அன்றோ?

இன்னும் ஒன்று உண்டு. எமக்கு மிகக் கடினமாகத் தோன்றுவதும் அதுவே. எல்லா உயிரிடத்தும் நட்பு, குணத்தில் மேம்பட்டோரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்துக் கருணை, திருந்தாதோரிடத்து நடுநிலை என நான்கு பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. நுண்ணுணர்வினர் மூன்றாவதிலேயே முழுவதும் தங்கிவிடுகின்றனர். நான்காவதை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது கல்மனம் போலத் தோன்றுகிறது. எம் கைக்கு எட்டாத துன்பங்கள் உலகில் பல. அவற்றின்முன் நடுநிலையில் நிற்பது அவற்றை மறுப்பதாகாது. எட்டும் துன்பத்திற்குக் கையை மிச்சப்படுத்தி வைப்பதாகும். மாத்தியஸ்தம் கருணைக்குப் பகை என்று யாமும் நெடுநாள் நினைத்திருந்தோம். அக்காளின் மருமகளை நினைக்கும்போதெல்லாம் அவ்வெண்ணம் தளர்கிறது. அவள் அழவில்லை என்பதற்காக அவளுக்கு வலிக்கவில்லை என்று யாம் எப்படி முடிவு செய்தோம்? ஈமச்சடங்கு முடிந்த பதினாறாம் நாள், கிணற்றடியில் தனியே அமர்ந்து அவள் அழுததைக் கண்டவர் இருக்கின்றனர்.

நேமிநாத சுவாமியும் தேரில் அமர்ந்து அழுததாக நூல்கள் கூறவில்லை. அலறலைக் கேட்டார், இவை யாதுக்கு என்று வினவினார், தேரைத் திருப்பினார். வினவியது ஒரு பெரிய செயல். நாம் பெரும்பாலும் வினவுவதில்லை. ஊகித்துக் கொண்டே வருந்துகிறோம். விடுதி அறையில் அழுத அந்தப் பெண்ணிடம், ‘உனக்கு நான் என்ன செய்யட்டும்?’ என்று ஒருமுறையேனும் கேட்டாயா என்று பெயர்த்தியிடம் கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “இல்லை பாட்டி, நானும் போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தேன்” என்றாள். எமக்குக் கூடத்துத் தூண் நினைவுக்கு வந்தது. அவளிடம் அக்கதையை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னோம். திருமலைப் பாறையின் நிழலில் அமர்ந்து இருவரும் கொண்டுபோன கட்டுச்சோற்றை உண்டோம்.

அவள் விடுதிக்குத் திரும்பவில்லை. அதுபற்றி அவள் தந்தைக்கு இன்னும் மனக்குறை உண்டு. இருவர் மட்டும் தங்கும் ஓர் அறையை உறவினர் வீட்டருகில் பார்த்து, இடைநின்ற படிப்பை வைகாசிக்குப்பின் தொடர ஏற்பாடாகியிருக்கிறது. அதுவரை ஊரில்தான். எங்கள் தெருக்கோடியில் பக்கவாதத்தால் படுத்திருக்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். பேச்சுக் குழறும், எச்சில் வடியும். வாரத்தில் இரு நாள் அவரிடம் சென்று ஸ்ரீபுராணம் வாசிக்கிறாள். முதல் நாள் கால் மணியில் எழுந்து வந்துவிட்டாள். இப்போது ஒரு முகூர்த்தம் இருக்கிறாள். வீடு திரும்பியதும் எவருடனும் பேசாமல் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். வந்ததும் வராததுமாகக் கதவடைப்பது என்ன வழக்கம் என்று எம் மருமகள் குறைப்படுகிறாள். அரைமணி நேரம் பொறு, தானே திறப்பாள் என்று யாம் சொல்லி வைத்திருக்கிறோம்.